ஜோடிக் கொக்கி

ஹான்காக், மிஷிகன்
மார்ச் மாதம். பனி இன்னும் முழங்கால் உயரம்.

அன்புள்ள லெம்பிக்கு,

ஐலி எழுதுவது. அரிசோனா வெயிலில் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உன் கடிதம் கிடைத்தது. படித்தேன். கோபம் இன்னும் இறங்கவில்லை. அதனால் நலம் விசாரிப்பதைக் கடைசிக்குத் தள்ளிவைத்திருக்கிறேன்.

உன் துப்பாக்கியிலிருந்து கொக்கியைக் கழற்றி என்னுடையதில் போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறாய். உனக்கு இனி அது எதற்கு என்றும் கேட்டிருக்கிறாய். மகள் வீட்டுக்குப் போகும்போது என் இரும்புப் பெட்டியில் நீ பூட்டிவைத்தது ஒரு முழுத் துப்பாக்கி, லெம்பி. உதிரிப் பாகம் போட்டுவைக்கும் டப்பா இல்லை. அதன் மேல் என் திருப்புளி முனைகூடப் படாது.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். மார்னி உன் மகள்தான், ஆனால் துப்பாக்கி விஷயத்தில் அவள் சொல்வது பாதி தப்பாகத்தான் இருக்கும். கிறிஸ்துமஸ் கழிந்து வந்த முதல் லீக் போட்டியில், வேகமாகச் சுடும் சுற்றில், என் துப்பாக்கி நடுவில் நின்றுவிட்டது. சுட்ட தோட்டாவின் வெற்று உறையைப் பிடித்து வெளியே இழுக்கிற கொக்கி, நகத்துணுக்கு அளவுதான் இருக்குமே, அதன் முனை உடைந்திருந்தது. கையைத் தூக்கி "அலிபி!" என்று கத்தினேன். தப்பு துப்பாக்கியுடையது என்றால் அந்தச் சுற்றை மறுபடி சுட விடுவார்கள், ஆனால் போட்டிக்கு ஒரு தடவைதான். மறுபடி சுட்டேன். மறுபடி மாட்டிக்கொண்டது. இனி அலிபி கிடையாது, பெட்டியைக் கட்டினேன்.

நம் அணித் தலைவன் ரோலிக்கு அன்றைக்கு வாயெல்லாம் பல். "அந்தக் கிழட்டு இரும்ப இன்னும் எத்தனை நாளைக்குக் கட்டிக்கிட்டு அழுவே ஐலி? கம்பெனிக்காரனே அத மறந்துட்டான். புதுசு வாங்கு, இல்லேன்னா என் மச்சானுக்கு இடத்த விடு" என்றான். நான் என் வலது கையை அவன் மூக்குக்கு நேராக நீட்டினேன். தொழிற்சாலை எந்திரம் இரண்டு விரலைத் தின்ற பிறகு, மிச்ச மூன்றுக்கும் பொருந்துகிற மாதிரி வால்நட் மரத்தில் பிடி செதுக்கிக் கொடுத்தவள் நீ. உன் சமையலறை மேசையில்தான் செதுக்கினாய், வெண்ணெய்க் கிண்ணமெல்லாம் மரத்தூள். அந்தப் பிடி புதுத் துப்பாக்கி எதிலும் உட்காராது. இந்த மாடலில்தான் உட்காரும்.

"அப்போ லெம்பியோடத எடுத்துச் சுடு. அவதான் திரும்பி வரப்போறதில்லையே" என்றான் ரோலி.

அதற்கு நான் சொன்ன பதிலைக் கடிதத்தில் எழுத முடியாது. பாதிரியாரின் மனைவி பக்கத்தில்தான் நின்றாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் என்னைப் பார்த்து அவள் சிரித்ததால், நான் பேசியதில் பாவம் இல்லை என்று எடுத்துக்கொண்டேன்.

பிறகு தேடத் தொடங்கினேன். மிசூரியில் பழைய பாகம் விற்கிற ஒருவன் அகப்பட்டான். எந்த வருஷத்துத் துப்பாக்கி என்று கேட்டான், நானும் பெருமையாக வருஷத்தைச் சொன்னேன். தோட்டா அடைக்கிற மேகசின் வாங்கும்போது நீ செய்த அதே தப்பு! அன்றைக்கு உன்னை எவ்வளவு கேலி செய்தேன்! அந்த வருஷத்தின் நடுவில்தான் கம்பெனி கொக்கி உட்காரும் பள்ளத்தை அகலமாக்கியிருக்கிறது. பெயரும் மாடலும் மாறவில்லை. துப்பாக்கி எண்ணுக்கு முன்னால் எழுத்து இருந்தால் அகலப் பள்ளம், இல்லாவிட்டால் பழைய பள்ளம். நம் இரண்டிலும் எழுத்து இல்லை. வந்த கொக்கி உள்ளே போகமாட்டேன் என்று அடம்பிடித்தது. உடனே ரோலி அரத்தோடு வந்து, "லேசாத் தேச்சா உக்காந்துரும்" என்றான். அப்படித் தேய்த்து உட்காரவைத்த அவன் வீட்டுப் பின்கதவு இன்னும் சாத்த வரவில்லை. அரத்தைப் பிடுங்கி அவன் பையிலேயே போட்டு அனுப்பினேன்.

போன வாரம் கிரீன் பே துப்பாக்கிச் சந்தைக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் பனி. கட்டிக்கொண்டு போன பாஸ்டி ரொட்டி உள்ளே வைத்த கறியோடு கல்லாக உறைந்துவிட்டது, எஞ்சின் மேல் வைத்துச் சுடவைத்துத் தின்றேன். சந்தையின் ஓரத்தில், சிவப்புக் கம்பளித் தொப்பி போட்ட ஒருத்தி காபி டின்களில் பாகங்களைக் கொட்டிவைத்திருந்தாள். எது எதற்குப் பொருந்தும் என்று கேட்டேன். "எல்லாம் என் வீட்டுக்காரர் தலைக்குள்ள இருந்துச்சு. தலையோடயே எடுத்துட்டுப் போயிட்டாரு மனுஷன். நீயே தேடிக்க" என்றாள்.

உடைந்த கொக்கியை மிட்டாய் டப்பாவில் கொண்டுபோயிருந்தேன். அதை வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். கண் பூத்துப்போயிற்று. கடைசி டின்னின் அடியில், எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, இரண்டு கொக்கிகள். பழைய பள்ளத்துக்கானவை! ஒன்று போதும் என்றேன். அவள் மசியவில்லை.

"ஜோடியா வந்தது ஜோடியாத்தான் போவும். ஏன், இதே துப்பாக்கி வெச்சிருக்கிற ஆளு உனக்கு வேற யாரும் இல்லியா?" என்று கேட்டாள்.

"ஒருத்தி இருக்கா" என்றேன்.

சத்தமாகத்தான் சொன்னேன் போலிருக்கிறது, பக்கத்துக் கடைக்காரன் திரும்பிப் பார்த்தான். இரண்டையும் வாங்கிக்கொண்டு வந்து, ஒன்றை என்னுடையதில் போட்டேன்.

வியாழக்கிழமை கடைசிப் போட்டி. ஜெயித்தோம் என்று எழுத ஆசைதான். தோற்றோம், ஆனால் அது ரோலியின் புண்ணியத்தில். கடைசிச் சுற்றில் அவன் சுட்டது பலகையில் படவே இல்லை. என் கிழட்டு இரும்பு ஒரு உறையைக்கூட விழுங்கவில்லை, எல்லாவற்றையும் ரோலியின் காலடியிலேயே துப்பியது. "அடுத்த வருஷமும் இதையேதான் கொண்டாருவியா?" என்று முனகினான். ரெண்டு கொண்டுவருவேன் என்றேன்.

இப்போது உன் உடம்பு விஷயம். மார்னி போனில் அழுதாள். முதல் சிகிச்சை பலிக்கவில்லையாம். வேறு மருந்தோடு இன்னொரு தடவை பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னதற்கு நீ வேண்டாம் என்று தலையாட்டிவிட்டாயாம். லான்சிங் மாநிலப் போட்டி ஞாபகம் இருக்கிறதா? உன் துப்பாக்கி மாட்டிக்கொண்டது. கையைத் தூக்கியிருந்தால் மறுபடி சுட விட்டிருப்பார்கள். நீயோ ஊரார் பார்க்கிறார்களே என்று வெட்கப்பட்டு, கையைக் கீழேயே வைத்துக்கொண்டு நின்றாய். வீடு வரும்வரை உன்னைத் திட்டித் தீர்த்தேன். இன்றைக்கும் அதையேதான் செய்கிறாய். மருந்து மாட்டிக்கொண்டது உன் தப்பாடி? எனக்குப் பயமாக இருக்கிறது, லெம்பி. பயந்தால் எனக்குத் திட்டத்தான் வரும், உனக்குத் தெரியும்.

ஆண்டவர் உனக்குத் தெம்பைக் கொடுக்கட்டும். மிச்சத்தை நீ செய். நாளைக்கே டாக்டரிடம் போய்க் கையைத் தூக்கி "அலிபி!" என்று கத்து. அந்தச் சத்தம் எனக்கு இங்கே கேட்க வேண்டும்.

பிடிவாதம் குறையாத,
ஐலி

பின்குறிப்பு: இரண்டாவது கொக்கியை உன் துப்பாக்கிப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். தபாலில் அனுப்பமாட்டேன். வந்து வாங்கிக்கொள்.