கோழித் தலையைத் திருப்பினேன்

அன்புள்ள யுன்ஷியு,

நீயும் அம்மாவும் நலந்தானே? உன் முழங்கால் வலி தேவலையா? சோங்கிங்கில் நான் சுகம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: ஐம்பத்திரண்டு வயதில், வேகவைத்த கோழியை வைத்துப் பழிவாங்கினேன்.

எங்கள் கம்பெனி செய்யும் மடிக்கணினி விற்பனை இனி இரண்டு சதவீதம்தான் வளரும், மின்சாரக் கார் முப்பது வளரும் என்று மூன்று மாதம் மண்டையை உடைத்து நான் எழுதிய அறிக்கையை, என்னோடு வேலை பார்க்கும் இளவட்டம் லியாவ் தன் பெயரில் வாசித்துக் கைதட்டல் வாங்கினான். "எழுதுறது உங்க கை, பேசுறது என் வாய். கோவிச்சுக்காதீங்கண்ணே" என்று நக்கல் வேறு.

ஆண்டு விருந்தில் கோழித் தலை யாரைப் பார்க்கிறதோ அவருக்கு வேலை போச்சு என்பது நம்மவர் வழக்கமாயிற்றே. யாரும் பயப்பட வேண்டாமென்று முதலாளியம்மா எப்போதும் அதைத் தன் பக்கமே திருப்பி வைப்பார். அவர் அடுத்த மேசைக்குப் போன நேரம், சுழல்தட்டை மெல்லத் தள்ளி லியாவுக்கு நேரே நிறுத்தினேன். எல்லோர் முகமும் வெளுத்தது. திரும்பி வந்த முதலாளியம்மாவே திகைத்தார்.

"என்னப்பா லியாவ், கோழி உன்னையே முறைக்குது?"

"விவரம் தெரிஞ்ச கோழி, மேடம்!" என்று சிரித்தபடி அந்தத் தலையையே எடுத்துக் கடித்தான்.

முள்ளங்கி ஊறுகாய் இரண்டு புட்டி அனுப்பு. சேர்த்துக் கட்டாதே, தனித்தனியாக வந்தால் இரண்டு நாள் பொட்டலம் பிரிக்கலாம். கம்பெனிப் பேருந்து வந்துவிட்டது.

உன் செங்பாங்

பி.கு.: லியாவ் அன்று காலையே ராஜினாமா கொடுத்துவிட்டானாம், கார்க் கம்பெனியில் சேர. என் அறிக்கையை நம்பிய ஒரே ஆள் அவன்தான்.