அஜோபாவின் முகம் விழுகிற கேமரா

செக்கொண்டி
ஞாயிறு, ஆலயம் விட்டு வந்த பிற்பகல்

அன்பு மகள் அராபாவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் என்னைக் கூப்பிட மறந்துவிட்டதால் நான் சுகம், முழங்காலும் தன் வலியோடு சுகமாக இருக்கிறது. உன் அண்ணன் கோபினா சுகம், அவன் மனைவி அஜோபா உடம்பால் சுகம், மனசைப் பற்றிக் கீழே எழுதுகிறேன், குட்டி எசி எங்கள் எல்லோரையும்விட சுகம், வீட்டில் தூங்குகிற ஒரே ஆள் அவள்தான். ஹாம்பர்க்கில் நீயும் மருமகனும் பிள்ளைகளும் குறையில்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் கேட்டுக்கொள்கிறேன். நீ அனுப்பிய கம்பளிச் சட்டை வந்து சேர்ந்தது. குழந்தைக்குப் போட்டுப் பார்த்தோம், அவித்த மரவள்ளி மாதிரி ஆவி பறந்தது, கழற்றிவிட்டோம். செக்கொண்டியில் என்றைக்காவது பனி கொட்டினால் நீ முன்கூட்டியே அறிந்தவள் என்று சபையில் எழுந்து சாட்சி சொல்கிறேன். போனில் பேசலாமே, ஏன் எழுதுகிறாய் என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் நீ சரிம்மா சரிம்மா என்று சொல்லிக்கொண்டே டூட்டிக்கு ஓடிவிடுகிறாய். காகிதம் குறுக்கே பேசாது. இதைக் கோபினா தன் போனில் படம் பிடித்து உனக்கு அனுப்புவான், படிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறான், படிப்பான், படிக்கட்டும்.

அண்ணனுக்கு ஒரு கேமரா வாங்கி அனுப்புகிறேன், மட்டமானதும் வேண்டாம், வீட்டை அடகு வைக்கிற விலையிலும் வேண்டாம், நடுத்தரமாக எது நல்லது என்று விசாரித்துச் சொல் அம்மா என்று கேட்டிருந்தாய். அவனையே கேட்டேன். சாப்பிட உட்கார்ந்தவன் தட்டிலிருந்த சோளமாவுக் கென்கே உருண்டை காய்ந்து கல்லாகும்வரை பேசினான். குடிநீர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறவன், ஊரில் பாதிக் குழாயில் தண்ணீர் வரவில்லை, அதைப் பற்றி இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. சனி ஞாயிறு வந்தால் பழைய ரயில் பெட்டியின் துருவைப் படம் எடுக்கப் போய்விடுவான், அவன் எடுத்திருக்கும் கோணங்களைப் பார்த்தால் அந்த ரயிலுக்கே வெட்கம் வரும். படகு எடுப்பான், வலை எடுப்பான், நண்டின் பின்பக்கத்தை எடுப்பான். பெற்றவளை ஒரு படம் எடுடா என்றால் வெளிச்சம் சரியில்லம்மா என்பான். சூரியன் படைக்கப்பட்ட நாளிலிருந்து அப்படியேதான் இருக்கிறது, என் முகத்துக்கு வரும்போது மட்டும் அதற்கு உடம்பு சரியில்லாமல் போகிறது.

இதெல்லாம் நான் சிரித்துக்கொண்டு விட்டுவிடுவேன். பெயர் வைத்த நாளில் நடந்ததை விட மாட்டேன். எட்டாம் நாள் விடியலில் எசியை வெளியே கொண்டுவந்தோம். அஜோபா எத்தனை வருடம் காத்திருந்தாள், எத்தனை முறை பாதி வழியில் இழந்து வந்து படுத்தாள் என்று உனக்குத் தெரியும். அன்றைக்குத் தலை முதல் கால்வரை வெள்ளை உடுத்தி, கழுத்திலும் தோளிலும் பவுடர் பூசி, பிள்ளையை மடியில் வைத்து உட்கார்ந்தாள். சாவின் வாசல்வரை போய் ஜெயித்துத் திரும்பினவள் உடுத்துகிற வெள்ளை அது, வேறு யாரும் அவளுக்கு வாங்கித் தந்ததில்லை. உன் சித்தப்பா குழந்தையின் நாக்கில் தண்ணீரைத் தொட்டு வைத்து "தண்ணின்னா தண்ணின்னு சொல்லு" என்றார், சாராயத்தைத் தொட்டு வைத்து "சாராயம்னா சாராயம்னு சொல்லு" என்றார். அது சப்புக்கொட்டிக்கொண்டு இரண்டாவதை இன்னும் கொஞ்சம் கேட்டது, அது உன் அப்பா வழி. கோபினா, அலுவலகத்தில் வேண்டாம் என்று தள்ளிய பழைய கேமராவை வைத்துக்கொண்டு குனிந்தும் படுத்தும் எடுத்தான், மரத்தில் மட்டும்தான் ஏறவில்லை. படம் அச்சாகி வந்தது. படத்தில் துணி பதிந்து விழுந்திருக்கிறது, மடிப்பு மடிப்பாக, தைத்தவள் பார்த்தால் ஆனந்தக் கண்ணீர் விடுவாள். நாற்காலி விழுந்திருக்கிறது. பின்னால் பக்கத்து வீட்டு மான்சாவின் வெள்ளாடு விழுந்திருக்கிறது, பல்வரைக்கும் தெரிகிறது. அஜோபாவின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் கரி படிந்த அடுப்பங்கரைச் சுவர் மாதிரி ஒரே கறுப்பு, குழந்தை இருக்க வேண்டிய இடத்தில் அதே சுவரின் சின்ன மூலை. அந்தக் கேமராவுக்கு யாரும் நாக்கில் தொட்டு வைக்கவில்லை போலிருக்கிறது, பெண்ணைப் பார்த்துக் கரி என்கிறது. அஜோபா படத்தை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "இதுல நான் எங்க இருக்கேன் அத்தை?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் நானும் சேர்ந்து கோபப்பட்டிருப்பேன். மெதுவாகக் கேட்டாள்.

இந்த மாதிரி நேரத்தில் மான்சா வராமல் இருப்பாளா, அவித்த மீனோடு வந்தாள். இவள்தான் மாதர் சங்கத்தில் எல்லோர் முன்னாலும் அஜோபாவை நிழல் மட்டும் தருகிற மரம் என்று சொன்னவள், அன்றைக்கு அவள் கட்டியிருந்த தலைத்துணி பச்சை, ஓரத்தில் மஞ்சள், அவள் மறந்திருப்பாள், நான் செத்தாலும் மறக்க மாட்டேன். படத்தைப் பார்த்து உச்சுக்கொட்டி, "எகுவா அக்கா, நம்ம கலருக்கு வெள்ளை போட்டோவுல எடுக்காது. நாற்பது நாள் கழிச்சு ஆலயத்துக்கு ஸ்தோத்திரம் பண்ண வரப்ப ப்ளூ கட்டச் சொல்லுங்க. இல்லேன்னா எங்க ஜோஜோவைக் கூப்பிடுங்க, கம்ப்யூட்டர்ல போட்டு எல்லாரையும் பளிச்சுனு ஆக்கிடுவான்" என்றாள். ஜோஜோவின் பளிச்சு எனக்குத் தெரியும். அவன் கை பட்டால் எல்லோரும் உரித்த வள்ளிக்கிழங்கு நிறம். போன ஈஸ்டருக்குப் போதகரை எடுத்தான், படத்தைப் பார்த்தவர்கள் புதுப் போதகர் எப்போது மாறுதலாகி வந்தார் என்று விசாரித்தார்கள். நான் மான்சாவிடம், "வெள்ளையை ஜெயிச்சு வாங்கினவ உடுத்தத்தான் செய்வா. ஒன் ஆட்டுக்கு வேணா ப்ளூ கட்டி விடு" என்றேன். மீனை வைத்துவிட்டுப் போனாள், உப்பு அதிகம். உன் அண்ணன் இருக்கிறானே, ஜோஜோவையே கூப்பிட்டுவிடலாமா என்று தலையைச் சொறிந்தான். உள்ளே பால் கொடுத்துக்கொண்டிருந்த அஜோபா அதைக் கேட்டுவிட்டாள். "யாரும் எடுக்க வேணாம். நாற்பது முடிஞ்சு வெள்ளைதான் உடுத்துவேன், ஆனா போட்டோ வேணாம். நான் இல்லாததை ஒரு தடவை பாத்தது போதும்" என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்க விடவில்லை. அராபா, நாளைக்கு எசி வளர்ந்து என்னை மடியில் வைத்திருந்தது யார் என்று கேட்டால் நாங்கள் சுவரையா காட்டுவது? இது போட்டோ பைத்தியக்காரனின் பொழுதுபோக்கு விஷயம் இல்லை, நீ அனுப்பப் போகும் பொருள் என்ன வேலை செய்ய வேண்டும் என்று உனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு எழுதினேன்.

ஆகவே கோபினாவை இழுத்துக்கொண்டு டாக்கொராடி சந்தையில் பைடூவின் கேமராக் கடைக்குப் போனேன். அங்கே வாங்கப் போகவில்லை, பார்க்கத்தான் போனேன், அதில் எனக்குக் கூச்சமும் இல்லை. அவன் அப்பன் எனக்கு விற்ற ரேடியோ, உன் அப்பா இறந்த வருடம், சாயங்காலச் செய்தி பாதியில் செத்தது. திருப்பிக் கொடுக்கப் போனபோது வீட்டுல துக்கம்னா ரேடியோவுக்கும் இருக்காதாம்மா என்று கேட்டவன் அந்த ஆள். மகன் அப்பனைவிட இனிப்பாகப் பேசுகிறான். முதலில் ஒரு பெரிய உருப்படியை எடுத்து வைத்தான், கழுத்தில் மாட்டினால் கழுத்து மார்புக்கு இறங்கிவிடும். "பாட்டி, இது பறவையோட கண்ணைத் தானா கண்டுபிடிக்கும். நாய், ரயிலு, ஏரோப்பிளேன் எல்லாத்தையும் கண்டுபிடிக்கும்" என்றான். "என் மருமகளைக் கண்டுபிடிக்குமா?" என்றேன். அவன் பதிலுக்கு ஒரு புத்தகத்தைப் பிரித்துப் பனிமலையும் மஞ்சள் முடிப் பெண்ணும் காட்டினான், என்ன தெளிவு பாட்டி என்றான். அந்தப் பெண்ணுக்கு ஒரு குறையும் இல்லை, அவள் அத்தைக்கு என் வாழ்த்து என்று சொல்லிவிட்டுப் பையிலிருந்து என் வெள்ளைத் துணியை எடுத்தேன். உடுத்தியிருந்ததன் மேலேயே சுற்றி, தலைக்கும் கட்டி, அவன் கடை வாசலில் வெயிலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். குடும்பத்திலேயே கறுப்பு நான்தான், என்னை எடுத்துவிட்டால் அஜோபாவை எடுத்துவிடும். சந்தைப் பெண்கள் கூடிவிட்டார்கள். வழக்கில் ஜெயித்தவர்களும் வெள்ளைதானே கட்டுவார்கள், தக்காளி விற்கிறவள் ஒருத்தி, "மாமி, வெள்ளை கட்டியிருக்கீங்க, என்ன கேஸு, ஜெயிச்சாச்சா?" என்றாள். "இன்னும் தீர்ப்பு வரல, நடந்துட்டிருக்கு" என்றேன்.

முதலில் மலிவானது. நிலாவில் இருக்கிற பள்ளத்தைக்கூடக் கிட்டத்தில் காட்டுமாம், நாற்காலியில் இருந்த என்னைக் காட்டவில்லை, துணி மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தது. அடுத்தது அந்தப் பெரியது, பறவைக் கண்காரன், அதிலும் துணிதான் ராணி, நான் அவள் நிழல், கண்ணை மட்டும் சரியாகக் கண்டுபிடித்து ஒரு சின்னச் சதுரம் போட்டுவிட்டு முகத்தை இருட்டில் விட்டுவிட்டது. மூன்றாவது நடுத்தரம், உள்ளங்கையில் அடங்குகிறது, அழுத்தும் முன்பே படம் எப்படி வரப்போகிறது என்று உள்ளே தெரிகிறது. அதைக் கண்ணில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த உன் அண்ணன் திடீரென்று சந்தையே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினான். "அம்மா, ஒங்க துணிதான் பனி!" என்றான். வெயில் தலைக்கேறிவிட்டது என்று பயந்துபோனேன். விஷயம் இதுதான், அவன் பார்க்கிற வீடியோக்காரன் ஒருவன் பனிதேசத்தில் நின்றுகொண்டு, வெள்ளை நிறைய இருந்தால் கேமரா மிரண்டு எல்லாவற்றையும் இருட்டாக்கிவிடும், மேலே இருக்கிற சக்கரத்தைப் பிளஸ் பக்கம் திருப்ப வேண்டும் என்று சொல்லியிருக்கிறான். இவன் அதை ஒன்றுக்கு மூன்று முறை பார்த்திருக்கிறான். செக்கொண்டியில் பனி இல்லையே, நமக்கெதற்கு என்று விட்டுவிட்டானாம். வாரம் தவறாமல் ஆலயத்தில் வெள்ளைத் துணிக் கூட்டத்துக்கு நடுவே உட்காருகிறவன். சக்கரத்தை ஒவ்வொரு சொடுக்காகத் திருப்பினான், படத்தில் நான் அடுப்பங்கரை இருட்டிலிருந்து வாசல் வெளிச்சத்துக்கு வந்தேன். கண் வந்தது, கன்னத்து மரு வந்தது, நான் சிரித்துத் தொலைத்ததால் பல் சந்தும் வந்தது. துணி மடிப்பு கொஞ்சம் வெளிறிப்போச்சே பாட்டி என்று பைடூ குறை சொன்னான். மடிப்பைப் பார்க்க ஆசைப்படுகிறவன் துணிக்கடைக்குப் போகட்டும். பெரியதிலும் அந்தச் சக்கரம் இருக்கிறதாம், அதற்காக ஒரு சக்கரத்துக்கு அந்த விலையா. வீட்டுக்கு வந்து பழைய கேமராவைப் பார்த்தால் அதிலும் இருக்கிறது, கடல் உப்புப் பூத்து. வேகமாகத் திருப்பினான், கையோடு வந்துவிட்டது. அதோடு அதன் ஆயுள் முடிந்தது, நல்ல வேளை, அடக்கச் செலவு இல்லை.

இப்போது வாங்க வேண்டியதைச் சொல்கிறேன், பெயரையும் நம்பரையும் கோபினா போனில் சொல்வான், நான் சொல்வதை மீறி அவன் எது சொன்னாலும் கேட்காதே. கேமராவின் உடம்பு நடுத்தரம் போதும், சக்கரம் கட்டைவிரலுக்கு எட்ட வேண்டும். உடம்பில் மிச்சம் பிடித்ததை லென்ஸில் போடு, நம் ஆலயத்தின் ஜன்னல் எவ்வளவு சின்னது என்று உனக்குத் தெரியும், வாயை அகலத் திறந்து வெளிச்சம் குடிக்கிற லென்ஸ் ஒன்றே ஒன்று போதும். இரண்டு லென்ஸ், பை, முக்காலி, துடைக்கிற துணி எல்லாம் சேர்த்து மலிவு என்று உன் ஊர்க்காரன் தட்டில் வைத்து நீட்டுவான், வாங்காதே, அந்த லென்ஸ் இரண்டும் வெயிலில் மட்டும் வேலை செய்கிற கூலியாட்கள் என்று கோபினாவே சொல்கிறான். கரண்ட் இங்கே நினைத்தால் வரும், அதனால் பேட்டரி கூடுதலாக ஒன்று. உன் அண்ணனுக்கு இன்னும் அந்தப் பெரியதன் மேல்தான் கண். "சாவு வீட்டுல போட்டோ எடுக்கப் போறப்ப பெரிய கேமரா வச்சிருந்தா, கூட்டத்தைத் தடுக்கக் கட்டின கயித்தைத் தூக்கி முன்னாடி விடுவாங்கம்மா, சின்னது வச்சிருந்தா பின்னாடி தள்றாங்க" என்கிறான். "ஒன் பொண்டாட்டி ஸ்தோத்திரத்துல ஒன்னை யாருடா பின்னாடி தள்ளப் போறா, மான்சாவோட ஆடா?" என்றேன்.

பைடூ கடையில் எடுத்த என் படத்தை அச்சுப் போட்டு வாங்கி வந்து அஜோபா பக்கத்தில் வைத்தேன். பால் கொடுத்துக்கொண்டே பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், மருவை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு குழந்தையின் காது மடலை மடக்கிக் காட்டி, "அத்தை, இவ காது ஓரத்து நிறத்தைப் பாருங்க, ஒங்க கறுப்பு வரப் போகுது. இதுவும் விழுமா?" என்று கேட்டாள். விழும் என்றேன். விழாவிட்டால் உன் புருஷனைக் கடலில் போடுகிறேன் என்றேன். சிரித்தாள், பிரசவத்துக்குப் பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு. போட்டோ எடுக்கச் சம்மதமா என்று நான் கேட்கவில்லை, கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவாளோ என்று பயம்.

உன்னையும் உன் வீட்டையும் கர்த்தர் வலது கையால் மூடிக் காக்கட்டும். உன் பிள்ளைகள் நம் பாஷையில் நாலு வார்த்தையாவது பேசக் கற்றுக்கொள்ளட்டும், மருமகனுக்கு என் ஆசி, மீசையை எடுக்கச் சொல். உன் சபை மூப்பர் ஊருக்கு வருகிறார் என்றாயே, ஸ்தோத்திர ஞாயிற்றுக்கு முந்தின வாரம், அவர் பெட்டியில் துணிக்கு நடுவே வைத்துக் கொடுத்து விடு, அவர் கனம் என்று முனகினால் போன தடவை நம் வீட்டில் அவர் எத்தனை தட்டு மீன் சாப்பிட்டார் என்று எனக்கு நினைவிருப்பதாகச் சொல். தாமதம் செய்யாதே. இன்று ஆலயம் விட்டு வந்தபோது அஜோபா தன் வெள்ளைத் துணியைத் துவைத்துக் கஞ்சி போட்டுக் கொடியில் விரித்துக்கொண்டிருந்தாள். இன்னும் நாள் இருக்கிறதே, என்ன அவசரம் என்றேன். சும்மாதான் அத்தை என்றாள். சும்மா யாரும் கஞ்சி போடுவதில்லை.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா
எகுவா