தலையில் நீர் கோத்ததாம்

அன்பு அக்காவுக்கு,

ஃபோனில் பேசினால் அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள். அதனால்தான் எல்லோரும் தூங்கிய பிறகு எழுதுகிறேன்.

தலைவலிக்கு நீ சொன்னதையெல்லாம் செய்துவிட்டேன். சீக்கிரம் படுக்கிறேன். காலையில் சாப்பிடாமல் போவதில்லை. "நிறைய தண்ணி குடி" என்கிறாயே, அதை மட்டும் என்னால் முடியவில்லை. கேட்டாலே எரிச்சலாக வருகிறது அக்கா. குடித்தால் பள்ளிக்கூடத்தில் பாத்ரூம் போக வேண்டுமே! அங்கே தாழ்ப்பாள் உடைந்து மாதக்கணக்காகிறது. நான் உள்ளே இருக்கும்போது யாரோ கதவைத் தள்ளினார்கள். சிரித்தார்கள். அதற்குமேல் எழுத மாட்டேன்.

அன்றிலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் பாட்டில் தண்ணீரைக் கீழே ஊற்றிவிடுகிறேன். காலி பாட்டிலைப் பார்த்து அம்மாவுக்கு நிம்மதி. "தலைல நீர் கோத்துக்கினு கீதுடி" என்று தினமும் ஆவி பிடிக்க வைத்து, நெற்றி முழுக்கப் பத்துப் போடுகிறாள். தண்ணீரே குடிக்காதவள் தலையில் எங்கிருந்து நீர் கோக்கும்?

இன்று மீன் கூடையை இறக்கிவைத்ததும், "படிச்சிக் கிழிச்சது போதும். இந்த வாரமும் வலி நிக்கலைன்னா வூட்லயே கெட" என்று கத்தினாள். உண்மையைச் சொன்னால் அப்பா நாளைக்கே நிறுத்திவிடுவார்.

வேளச்சேரியிலிருந்து வரும்போது தைலம் எதுவும் வாங்கி வராதே. திங்கட்கிழமை லீவு போட்டு, என்னோடு வந்து ஹெச்.எம்.மிடம் பேசு. அன்றைக்கு ஒரு நாளாவது நீ அந்தக் கதவுக்கு வெளியே நில். நான் தண்ணீர் குடிக்கிறேன்.

உன் தங்கை