இல்லாத காய்ச்சலும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டமும்

பிப்ரவரி 4, புதன்

காலையில் பனி. எதிர் வீடு தெரியவில்லை. எலெக்ட்ரிக் ட்ரெயின் எல்லாம் லேட் என்று பால்காரர் சொன்னார். எனக்கென்ன, நான் எங்கே போகிறேன்.

வாங்க வேண்டியது: கடுகு, முட்டித் தைலம், யாழினிக்கு பிரவுன் அட்டை.

மருமகள் மஞ்சு நாலரைக்கே எழுந்துவிட்டாள். ஒரு கையில் தோசைக் கரண்டி, ஒரு கையில் சிவப்புப் பேனா. பத்தாம் வகுப்பு கணக்குப் பேப்பர் நாற்பத்திரண்டு. ஒன்றில் சட்னி சிந்திவிட்டது. துடைத்துவிட்டு அதன் மேலேயே மார்க் போட்டாள். எந்தப் பிள்ளையோ, வீட்டில் என்ன சொல்லுமோ.

என் மகன் ரவி ஆறு மணிக்குக் கல்பாக்கம் பஸ் பிடித்துப் போய்விட்டான். பேத்தி யாழினிக்கு எட்டு வயது, பல் விளக்கவே அரை மணி.

இந்த நோட்டு மஞ்சு கொடுத்ததுதான். அவள் பள்ளிக்கூடத்துப் பாடக்குறிப்பு எழுத வாங்கியதில் ஒன்று மிச்சம். "மனசுல போட்டு ஒழப்பிக்கினே கீறீங்களே அத்தை, எழுதி வைங்க" என்றாள். அவள் நோட்டுக்குப் போட்ட அதே பிரவுன் அட்டை எனக்கும் போட்டுக் கொடுத்தாள். அவள் நோட்டு திங்கட்கிழமைதோறும் எச்.எம். மேஜைக்குப் போகும், பச்சை மையில் கையெழுத்து வாங்கி வரும். என் நோட்டு ஃபிரிட்ஜ் மேல். அஞ்சாவதோடு நிறுத்தியவள் எழுதுவதற்கு யார் கையெழுத்துப் போடப் போகிறார்கள்.

சாயந்திரம் மொட்டைமாடியில் யாழினி பந்து வீச, மஞ்சு பாய்ந்து பிடித்தாள். முப்பத்தாறு வயது. எங்கள் வீட்டில் முதல் டீச்சர், முதல் கோல்கீப்பரும் அவள்தான். வெளியே சொல்லிக்கொள்வதில்லை. கண் பட்டுவிடும்.

பிப்ரவரி 5, வியாழன்

பனி இல்லை. தலைவலி.

எச்.எம். ஆர்டர் போட்டுவிட்டாராம். இனி ஞாயிறும் பத்தாம் வகுப்புக்கு ஸ்பெஷல் கிளாஸ், ஒன்பதிலிருந்து ஒன்று வரை. வர முடியாதவர்கள் காரணத்தைக் கடிதமாகத் தர வேண்டும். மஞ்சு கால்பந்து பிராக்டிசுக்காகப் போன மாசம் இரண்டு தடவை சீக்கிரம் கிளம்பியிருக்கிறாள். அடுத்த தடவை மெமோதான் என்று அப்போதே சொல்லிவிட்டாராம். எச்.எம். அம்மாவின் முகம் எப்போதும் விளக்கெண்ணெய் குடித்த மாதிரிதான் இருக்கும் என்று மஞ்சு சொல்வாள்.

ஞாயிறு பத்தரைக்கு மாமல்லபுரத்தில் ஆட்டம். ஜெயித்தால் ஃபைனல். மஞ்சு ஆடுவது அந்தப் பக்கத்துப் பெண்கள் டீமில். ஒருத்தி நர்ஸ், ஒருத்தி சிற்பப் பட்டறையில் பாலிஷ் போடுகிறவள், கேப்டன் ரோசி மீன் ஏலம் விடுகிற வீட்டுப் பெண். மஞ்சு இல்லை என்றால் கோலில் நிற்க ஆள் கிடையாது.

சமையல்கட்டில் நடந்த பேச்சு:

"அத்தை, உங்களுக்கு ஒடம்பு சரியில்லன்னு எழுதிக் குடுக்கட்டுமா?"

"முட்டி வலின்னு எழுது. அது நெஜந்தான?"

"முட்டி வலிக்கெல்லாம் உட மாட்டாங்க. காய்ச்சல்னாதான்."

"சரி. எவ்ளோ?"

"நூத்தி ரெண்டு."

"கொறச்சிக்கோ. நூறு போதும்."

சிரித்தோம். அவள் போன பிறகு நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். ரவிக்குச் சொல்லவில்லை. அவனுக்கு இந்தப் பந்தாட்டமே பிடிக்காது. பெண் பார்க்கப் போனபோது இவள் முழங்காலில் தழும்பு. என்னம்மா என்று கேட்டேன். பந்து விளையாடி விழுந்தது என்று நேராகச் சொன்னாள். அதற்காகவே பிடித்தது. அப்படிப்பட்டவளைப் பொய் எழுத விட்டேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

கடிதம் கொடுத்தாகிவிட்டது. எச்.எம். ஒன்றும் சொல்லாமல் மேஜை டிராயரில் வைத்தாராம். ஒன்றும் சொல்லாததுதான் பயமாக இருக்கிறது.

கோயிலுக்குப் போகவில்லை. காய்ச்சல்காரி தெருவில் நடந்தால்?

தைலம் வாங்கவில்லை. மறதி.

பிப்ரவரி 7, சனி

தைலம் இன்றும் வாங்கவில்லை.

மஞ்சு மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் போன் அடித்தது. கட் ஆகிவிடப் போகிறதே என்று எடுத்துவிட்டேன்.

"மஞ்சுளா டீச்சரா?"

"இல்லீங்க."

"நான் எச்.எம். பேசறேன். நீங்க யாரு?"

வாயில் வந்ததைச் சொன்னேன். "பக்கத்து வூட்டம்மா."

"டீச்சரோட மாமியாருக்கு எப்படி இருக்கு?"

"படுத்துகினு கீறாங்க. கண்ணே தொறக்கல."

"அடடா. கண்ணே திறக்கலையா? ஆஸ்பத்திரிக்குப் போகலையா?"

"நாளிக்கு போறாங்க."

"சரிம்மா. உங்க குரல் நல்லா கணீர்னு இருக்கு. நீங்களாவது கூட இருந்து பார்த்துக்கங்க."

யாழினி வாயைப் பிளந்து நின்றாள். "ஆயா, நீ எப்ப பக்கத்து வூடு ஆன?"

மஞ்சுவிடம் சொன்னதும் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "நூறு போதும்னீங்க அத்தை. நீங்களே கண்ண மூட வச்சிட்டீங்களே."

பிப்ரவரி 8, ஞாயிறு

மாமல்லபுரம். சவுக்குத் தோப்புக்குப் பின்னால் மைதானம். பாதி புல், பாதி மணல். உப்புக் காற்று, பேப்பர் படபடக்கிறது. இங்கே உட்கார்ந்தே எழுதுகிறேன்.

ரவிக்கு இன்றைக்கும் ஷிஃப்ட். யாழினியைத் தனியாக விட முடியாது என்று நானும் வந்துவிட்டேன். ரவியிடம் கடற்கரைக்குப் போகிறோம் என்று மட்டும் சொல்லியிருக்கிறது. பஸ்ஸில் மஞ்சு மடியில் நோட்டை வைத்து நாளைக்கான பாடக்குறிப்பு எழுதினாள். திருப்பத்தில் எல்லாம் கோடு கோணல். பக்கத்தில் நான் இதை எழுதினேன். கண்டக்டர், "இன்னா, ரெண்டு பேரும் பரீட்சைக்குப் போறீங்களா?" என்றார்.

யாராவது தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்கள் என்று மப்ளர் சுற்றியிருக்கிறேன். வேர்த்துக் கொட்டுகிறது. பக்கத்தில் உட்கார்ந்த அம்மா விடவில்லை.

"இன்னா ஆயா, இந்த வெயில்ல மப்ளரு?"

"காய்ச்சல்மா."

"காய்ச்சலோடயா பந்து பாக்க வந்துக்கிற? கில்லாடிதான் நீ."

முதல் பாதி. எதிர் டீம் ஒரு கோல். மணலில் மஞ்சுவின் கால் சறுக்கிவிட்டது. ரோசி கத்துகிறாள்: "டீச்சர்! லெஃப்டு பாரு! தூங்கினு கீறியா?" தூங்கினாளா! நாலரைக்கு எழுந்தவள். அவளைப் பேச இவள் யார். கோபமாக வந்தது.

இடைவேளை. ரோசியே வந்து மஞ்சுவின் தலையில் தண்ணீர் ஊற்றினாள். எனக்கும் ஒரு மோர் பாக்கெட். "கோச்சிக்காத ஆயா, உள்ள நின்னா வாய் அப்டித்தான்."

இரண்டாம் பாதி. பாலிஷ் போடும் பெண் ஒரு கோல். ஒன்றுக்கு ஒன்று. யாழினி தொண்டை கிழியக் கத்துகிறாள்.

கடைசி நிமிஷம். நர்ஸ் பெண் எதிராளியை இடித்துவிட்டாள். விசில். பெனால்டி அவர்களுக்கு. எல்லோரும் ஒதுங்கி நிற்கிறார்கள். மஞ்சு மட்டும் கோட்டின் மேல். கையுறையைத் தட்டிக்கொள்கிறாள். எதிர் டீம் பெண் ஒருத்தி பந்தை வைத்துவிட்டுப் பின்னால் போகிறாள். என்னால் முடியாது. நோட்டை மூடுகிறேன்.

பிப்ரவரி 9, திங்கள்

இது யாழினியின் ரஃப் நோட்டில் கிழித்த தாள். என் நோட்டு என்னிடம் இல்லை.

நேற்று மைதானத்தில் நோட்டைப் பக்கத்தில் இருந்த மஞ்சு பையில் போட்டேன். அவளுடைய பாடக்குறிப்பு நோட்டும் அதே பையில்தான். அதே அட்டை. இன்று காலை பெல் அடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது ஓடியிருக்கிறாள். பையில் கைவிட்டு வந்த நோட்டை எடுத்து எச்.எம். மேஜை மேல் மற்ற நோட்டுகளோடு வைத்துவிட்டாள். சாயந்திரம் வீட்டில் பையைக் கவிழ்த்தால் மணலோடு அவள் பாடக்குறிப்பு விழுகிறது.

"அத்தை, உங்க நோட்டு எங்க?"

"உன் பையிலதான்."

அவள் முகம் வெளுத்த மாதிரி நான் பார்த்ததில்லை. இடது கை விரல் வேறு வீங்கியிருக்கிறது, நேற்று பந்து பட்டது. அதைக்கூட மறந்துவிட்டாள்.

அதில் என்னென்ன எழுதினேன்:
1. காய்ச்சல் பொய், நூறு போதும் என்று நான் சொன்னது.
2. பக்கத்து வீட்டம்மா.
3. விளக்கெண்ணெய். அதுவும் மஞ்சு சொன்னதாகவே.
4. சட்னி பட்ட பேப்பர்.

இதற்கா எழுதக் கற்றேன்.

பிப்ரவரி 10, செவ்வாய்

இதுவும் ரஃப் தாள். எச்.எம். மீட்டிங் போய்விட்டாராம், அறை பூட்டு. நோட்டுகள் உள்ளே. படித்தாரா, வீட்டுக்கு எடுத்துப் போனாரா, தெரியாது. மஞ்சு ஜன்னல் வழியாகப் பார்த்தாளாம். அடுக்கு தெரிந்ததாம், எது எதென்று தெரியவில்லையாம்.

காலையிலிருந்து உடம்பு சுடுகிற மாதிரி இருந்தது. தெர்மாமீட்டர் வைத்தேன். ஒன்றும் இல்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், பொய் பாதியாவது குறைந்திருக்கும்.

மறைக்க முடியாமல் ரவியிடம் சொன்னோம். சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் கையை உதறினான்.

"வேலைய காப்பாத்திக்கோ மஞ்சு. பந்து வந்து சம்பளம் குடுக்குமா? நீயுமாம்மா இதுக்குக் கூட்டு? காய்ச்சலு, பக்கத்து வூடு... பேஜாரு."

மஞ்சு கையுறையைத் தினத்தாளில் சுற்றி, ஸ்டூல் போட்டுப் பரண் மேல் வைத்தாள். மூன்றாம் இடத்துக்கான ஆட்டம் வரும் ஞாயிறு. ரோசி மூன்று தடவை போன் செய்தாள். எடுக்கவில்லை.

யாழினி என்னிடம் மட்டும் கேட்டாள். "அம்மா இனிமே வெறும் டீச்சர்தானா ஆயா?"

பிப்ரவரி 11, புதன்

நோட்டு வந்துவிட்டது. இதோ, இதில்தான் எழுதுகிறேன். ரஃப் தாள் இரண்டையும் குண்டூசி போட்டுச் சேர்த்துவிட்டேன்.

மஞ்சு செருப்பைக்கூடக் கழற்றாமல் என் கையில் கொடுத்தாள். திறந்தால் ஒவ்வொரு பக்கத்து அடியிலும் பச்சைக் கையெழுத்து, தேதியோடு. பாடக்குறிப்புக்குப் போடுகிற மாதிரியே. விளக்கெண்ணெய் வரிக்கு அடியில் பச்சைக் கோடு, ஸ்கேல் வைத்துப் போட்டது. வேறு ஒன்றும் எழுதவில்லை. உள்ளே மடித்தபடி மஞ்சுவின் கடிதம், கையெழுத்துப் படாமல்.

"இன்னா சொன்னாங்க?"

"நிக்க வச்சே பேசினாங்க அத்தை. 'இந்த லெட்டரை நான் வாங்கவே இல்ல. உண்மைக் காரணத்தை எழுதி வேற குடுங்க. ஞாயித்துக்கிழமை கிளாஸை ஆறரைக்கு ஆரம்பிங்க, எட்டரைக்கு முடிங்க, அப்புறம் எங்க வேணா ஓடுங்க. நாப்பத்திரண்டுல ஒருத்தன் வரலைன்னாலும் ஆட்டம் கிடையாது'ன்னாங்க."

"மெமோ?"

"கேட்டேன். 'முதல்ல எழுதிட்டு வாங்க, பார்க்கலாம்'னாங்க."

பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம். மஞ்சுவுக்கும் தெரியவில்லை.

இன்னொன்றும் கேட்டாராம், அவள் வாசலைத் தாண்டும்போது. "பக்கத்து வீட்டம்மாவுக்கு முட்டி வலி எப்படி இருக்கு?"

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் மஞ்சு வெள்ளைத் தாள் எடுத்து உட்கார்ந்தாள். 'காரணம்' என்று எழுதிவிட்டுப் பேனா நின்றுவிட்டது. ரவி டி.வி. பார்க்கிற மாதிரி உட்கார்ந்திருந்தான். அப்புறம் 'கால்பந்து ஆட்டம்' என்று எழுதினாள். மெதுவாக, கரும்பலகையில் எழுதுகிற மாதிரி.

"தேதி போடு. தேதி இல்லன்னா திருப்பிக் குடுத்துடுவாங்க" என்றான் ரவி, டி.வி.யைப் பார்த்துக்கொண்டே.

நான் ஸ்டூலை இழுத்தேன்.

"ஏறாதம்மா. முட்டிய ஒடச்சிக்கினா அப்புறம் நெஜமாவே லீவு போடணும்." அவனே ஏறிப் பரண் மேல் இருந்ததை எடுத்து மேஜையில் வைத்தான். சுற்றிய தாளைப் பிரிக்கவில்லை. போய்ச் சாப்பாட்டுக்குத் தட்டைப் போட்டான்.

நாற்பத்திரண்டு பிள்ளைகளும் ஆறரைக்கு வர வேண்டுமே. பனி இருந்தால் பஸ் லேட் ஆகுமே.

ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தை இப்போதுதான் சரியாகப் பார்த்தேன். 'நோட்டை மூடுகிறேன்' என்பதற்குக் கீழே பச்சை மையில் இரண்டு வரி.

'பெனால்டி என்ன ஆயிற்று? எழுதி முடிக்கவும்.'

கையெழுத்து. தேதி.

எழுதுகிறேன் எச்.எம். அம்மா. நோட்டைத்தான் மூடினேன், கண்ணை மூடவில்லை. பந்து அவள் விரலில் பட்டு உள்ளே போய்விட்டது. இரண்டுக்கு ஒன்று, தோற்றுவிட்டோம். ஆனால் அவள் சரியான பக்கம்தான் பாய்ந்தாள்.