மணி அடித்தால் திறக்கத்தானே வேண்டும்

ஓய், நேற்றிலிருந்து குருவிச் சத்தம் எங்கே கேட்டாலும் எனக்கு உடம்பு ஒருமுறை தூக்கிப் போடுகிறது. இன்று காலையில் கடை வாசலில் யாரோ காரைப் பின்னால் எடுத்தார்கள். அதற்கும் அதே கீச்சுக் கீச்சு. ஒருவருக்குக் கண்ணாடி மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்த நான், அவரை அப்படியே விட்டுவிட்டு வாசலில் போய் நின்றேன். "என்ன பாய், யாரும் வாராகளா?" என்று அவர் கேட்டார். வருகிறவர் யார் என்று நான் என்னத்தைச் சொல்ல? அசடு வழியத் திரும்பி வந்து, வலது காதில் மாட்ட வேண்டியதை இடது காதில் மாட்டப் பார்த்தேன்.

உம்ம வீட்டு அழைப்பு மணியைத்தான் சொல்கிறேன். மின்சார ஆபீசில் காலமெல்லாம் வயரோடு மல்லுக்கட்டிவிட்டு, ரிட்டயர் ஆனதும் வீட்டில் ஒரு வயராவது குறையட்டும் என்று வாங்கி மாட்டினீரே, வயரில்லாத குருவி மணி, அதுதான். நீர் போனபிறகு அது தானாக அடிக்கிறது. இந்த ஒரு வாக்கியத்தை வேறு யார் வீட்டைப் பற்றியாவது நான் சொல்லியிருந்தால் நீர் இந்நேரம் சட்டையை மாட்டிக்கொண்டு பைக்கை உதைத்திருப்பீர்.

போன வாரம் உம்ம மகன் கங்கைகொண்டானில் வேலை முடிந்து நேரே என் கடைக்கு வந்தான். முகம் சரியில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வந்த ஆட்கள் எல்லாரும் போகிறவரை காத்திருந்தான்.

"மாமா, அம்மா ஒரு மாதிரியா இருக்கா. மணி அடிக்கு, போயித் திறக்கா, அங்கன ஒரு ஆளும் இல்ல. ஆனா உடனே கதவச் சாத்த மாட்டேங்கா. நின்னுக்கிட்டே இருக்கா. என்னம்மான்னு கேட்டா, ஒண்ணுமில்லலேங்கா. சித்தி என்னடான்னா, அப்பாதான் வாராரு, சடங்கு சாங்கியம் ஒண்ணும் செய்யாம அனுப்பினா இப்படித்தான் ஆகும், பூசாரியக் கூட்டிட்டு வந்து மந்திரிச்சு வீட்டக் கட்டணும்னு ஒத்தக்கால்ல நிக்கா."

"நீ என்னலே சொல்லுத?"

"வீட்டப் பூட்டிட்டு அம்மாவ என்கூடக் கூட்டிட்டுப் போயிரலாம்னு பாக்கேன். அவ தச்சநல்லூர விட்டு வரமாட்டேன்னு பிடிவாதம் பிடிக்கா. நீங்க ஒரு தடவ வந்து, இதுனாலதான் அடிக்குன்னு கண்டுபிடிச்சுச் சொல்லிருங்க. அப்பாவுக்குப் பொறவு நீங்க சொன்னாத்தான் கேப்பா."

சரிலே என்று சொல்லி அனுப்பினேன். ஆனால் உடனே போகவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே இருந்தேன். பேய் வீடு என்றால் கடையை அடைத்துவிட்டுக் கிளம்புகிற நம் ரெண்டு பேரில் மிச்சம் இருக்கிற ஒருத்தனுக்கு, உம்ம வீட்டு வாசலுக்கு மட்டும் கால் வரவில்லை.

நம்மைக் கேட்காத ஆள் ஊரில் உண்டா? "சாமி இல்லங்கிய, பூதம் இல்லங்கிய, பொறவு பேய் வீட்டுல உங்களுக்கு என்னவே சோலி?" ஜங்ஷன் டீக்கடைக்காரர் கேட்டார், என் மச்சான் கேட்டான், உம்ம தம்பி பெண்டாட்டி நாலு பேர் முன்னால் கேட்டாள். அதற்கு நீர் வைத்திருந்த பதில் எனக்கு இப்போதும் பிடிக்கும். "நம்புதவன் எதுக்குவே போயிப் பாக்கணும்? அவனுக்குத்தான் எல்லாம் தெரியுமே. நம்பாதவன்தான் போயிப் பாக்கணும்." டீக்கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் முழுசாக நம்பினேனா என்று கேட்டால், இல்லை.

ஏனென்றால் என் காரணம் எனக்குத் தெரியும். பயம். சின்ன வயதில் எங்கள் உம்மா அந்தி நேரமானால் புளியமரத்துப் பக்கம் போகவிட மாட்டாள். ஜின் இருக்கும் என்பாள். போர்வைக்குள் மூச்சு முட்டக் கிடந்தவன் நான். வளர்ந்து, படித்து, கண்ணாடிக் கடை வைத்து, கண் எப்படியெல்லாம் மனுசனை ஏமாற்றும் என்று தெரிந்துகொண்ட பிறகும், அந்தப் பயல் உள்ளே அப்படியேதான் கிடந்தான். பகலில் போய்ப் பார்த்துவிட்டால் அவன் நிம்மதியாகத் தூங்குவான். அவ்வளவுதான் என் பகுத்தறிவு. இதைச் சொன்னபோது நீர் விழுந்து விழுந்து சிரித்தீர். "உம்ம வீட்டுல ஜின்னு, எங்க வீட்டுல பேயி. ரெண்டுக்கும் ஒரே வயர்மேன் நாந்தாம்வே!"

உமக்குப் பயம் கிடையாது. கோபம் இருந்தது. மந்திரவாதி எலுமிச்சம்பழத்தை அறுத்து ரத்தம் காட்டினான் என்று யாராவது சொன்னால் உம்ம மூக்கு விடைத்துவிடும். செம்பருத்திப் பூவைக் கத்தியில் தேய்த்து அறுத்தால் எந்தப் பழமும் சிவக்கும் என்று கல்யாண வீட்டில்கூட அறுத்துக் காட்டினீர். மாப்பிள்ளை வீட்டார் முகம் சுருங்கிப்போனதையெல்லாம் நீர் கவனிக்கவே இல்லை. "ஊறுகாய்க்கு ஒரு பழம் மிஞ்ச விடுதாகளா பாருங்க அண்ணாச்சி" என்று உம்ம வீட்டம்மா என்னிடம் பிராது சொல்வாள். சொல்லிக்கொண்டே அடுத்த பழத்தை எடுத்துக் கொடுப்பதும் அவள்தான்.

ஆனால் கோபம் மட்டும்தானா? ஒவ்வொரு வீட்டிலும் காரணம் கண்டுபிடித்த பிறகு பஸ்ஸில் உம்ம முகத்தை நான் பார்த்திருக்கிறேன். ஜெயித்தவன் முகம் இல்லை அது. "இதுவும் போச்சா" என்று ஒரு பெருமூச்சு விடுவீர். ஒருநாள் நேரடியாகவே கேட்டுவிட்டீர். "ஓய் பாய், இத்தனைல ஒண்ணே ஒண்ணு நெசமா இருந்திருந்தா, உமக்குச் சந்தோசமா, வருத்தமா?" எனக்கு வந்த எரிச்சலில், கிறுக்குப் பிடிச்சிட்டா உமக்கு என்று திட்டினேன். திட்டியதால் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று ஆகிவிடுமா? அந்தக் கேள்வி முள் மாதிரி இன்னும் உள்ளேதான் நிற்கிறது.

சேரன்மகாதேவி வீடு உமக்கு மறந்திருக்காது. வயலைப் பார்த்த மாடி அறை. அந்த வீட்டுப் பையன் விபத்தில் போயிருந்தான். பூட்டிக் கிடந்த அவன் அறையில், கரண்ட் இல்லாதபோதும் ஃபேன் சுற்றுகிறது என்று ஊரே பேசியது. அவன் சாப்பிட்டுவிட்டுப் படுக்கிற மத்தியான நேரத்தில் அவனைப் பெற்றவள் படியேறி வந்து அந்த அறை வாசலில் உட்கார்ந்துகொள்வாள். நீர் ஏணி வாங்கி ஏறினீர். ஆடிக் காற்று வயலிலிருந்து நேரே அடித்து, சுவர் மேலே இருந்த திறப்பு வழியாக உள்ளே வந்து இறக்கையைத் தள்ளிக்கொண்டிருந்தது. ஒரு அட்டையை வைத்து அடைத்தீர். ஃபேன் நின்றது. கூடி நின்றவர்கள் கை தட்டினார்கள். நீர் தூசியை உதறிக்கொண்டு இறங்கியபோது அவள் எழுந்து வந்து கேட்டாள்.

"அப்போ அவன் வரலியா, ஐயா?"

மறுவாரம் என்னையும் இழுத்துக்கொண்டு திரும்ப அங்கே போனீர், அந்த அட்டையை எடுத்துவிடலாம் என்று. அவள் தடுத்துவிட்டாள். "இருக்கட்டும்யா. இனிமே சுத்துனாலும் காத்துன்னுதான தோணும்." நம்மைத் திட்டியிருந்தால் தேவலை. காப்பி போட்டுக் கொடுத்து அனுப்பினாள்.

நாம் பொய் சொல்லவில்லை. யாரையும் ஏமாற்றவில்லை. உள்ளதைச் சொன்னோம். அந்த அட்டையை வைக்காமல் இருந்திருந்தால் அடுத்து யாராவது ஒரு மந்திரவாதி அந்த வீட்டுக்குள் நுழைந்திருப்பான், அதுவும் எனக்குத் தெரியும். இருந்தும் மனசு ஆறவில்லை. அதற்குப் பிறகு நீர் ஒரு வீட்டுக்குப் போனால் முதலில் கேட்கிற கேள்வி மாறிப்போனது. "இங்கன என்ன நடக்கு?" என்று கேட்டுக்கொண்டிருந்தவர், "இங்கன யாரு தவறிட்டா?" என்று கேட்க ஆரம்பித்தீர். சில வீடுகளில் ஏணியே கேட்கவில்லை. அவர்கள் சொல்வதைக் கேட்டுவிட்டு, அவர்களோடு உட்கார்ந்திருந்துவிட்டு வந்தோம்.

உம்ம மகன் கூப்பிட்டதும் நான் போகாமல் இருந்ததற்குக் காரணம் இப்போது புரிகிறதா? காரணம் என்னவாக இருந்தாலும் போன வேகத்தில் கண்டுபிடித்துவிடுவேன் என்று எனக்குத் தெரியும். கண்டுபிடித்துவிட்டு உம்ம வீட்டம்மா முகத்தைப் பார்த்து, அவுக வரலம்மா, அது வெறும் மணி என்று நான் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் ஒன்று பூசாரி வருவான், இல்லை மகன் வீட்டைப் பூட்டிவிட்டு அவளை அழைத்துப் போய்விடுவான். என் நிலைமையில் உம்மை நிறுத்திப் பார்க்கிறேன், உமக்கும் தூக்கம் வந்திருக்காது.

நேற்று மத்தியானம் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே வேலை முடிந்துவிட்டது, ஓய். பக்கத்து வீட்டுக்குப் புதிதாக ஒரு குடும்பம் வந்திருக்கிறது. சாமான் கொண்டுவந்த ஆள் அவர்கள் வாசலில் இருந்த பொத்தானை அமுக்கினான். உம்ம வீட்டுக்குள் குருவி கூவியது. எட்டிப் பார்த்தேன். அதே வெள்ளைப் பொத்தான், அதே கம்பெனி, அதே அலைவரிசை. ஏணி இல்லை, டெஸ்டர் இல்லை. இவ்வளவு லேசான கேஸ் நமக்கு வாய்த்ததே இல்லை.

நான் நிமிர்வதற்குள் கதவு திறந்தது. திறந்தவள் முகத்தை நான் பார்த்தேன். என்னைப் பார்த்ததும் அது மாறியதையும் பார்த்தேன். "வாங்க அண்ணாச்சி" என்று வாய் நிறையத்தான் கூப்பிட்டாள். ஆனால் கதவு திறந்த அந்தக் கணத்தில் அவள் பார்த்தது என்னை இல்லை.

காப்பி வந்தது. நான் மின்சார பில்லைப் பற்றிப் பேசினேன், ஆற்றில் தண்ணீர் போவதைப் பற்றிப் பேசினேன். நாற்காலியில் ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. அவள் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"காப்பி ஆறுது அண்ணாச்சி. கண்டுபிடிச்சாச்சா?"

"எதம்மா?"

"அவன் உங்க கடைக்கு வந்ததும் தெரியும், நீங்க எதுக்கு வந்திருக்கியன்னும் தெரியும். அவுக கூட இத்தன வருசம் குடும்பம் நடத்தியிருக்கேன். எலுமிச்சம்பழம் எடுத்து எடுத்துக் குடுத்தவ நான். மணி ஏன் அடிக்குன்னு பாக்க எனக்குத் தெரியாதா? ஆளில்லாம அடிச்ச அன்னைக்கே தெருவுல எறங்கிப் பாத்துட்டேன். அங்கன அமுக்கினா இங்கன அடிக்கு."

எனக்கு ஒரு பக்கம் அப்பாடா என்று இருந்தது, ஒரு பக்கம் வெட்கமாக இருந்தது. "பொறவு ஏம்மா ஒவ்வொரு தடவையும் எந்திச்சுப் போறிய?" என்றேன்.

"தெரியும் அண்ணாச்சி. கால் கேக்க மாட்டேங்கு." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சுடுகாட்டுக்குத் தூக்கிட்டுப் போயிருந்தா, போயாச்சுன்னு மனசு ஒத்துக்கிடும். அவுக சொன்ன மாதிரியே ஆஸ்பத்திரி வண்டியிலல்லா ஏத்தி அனுப்பினேன். ஆஸ்பத்திரிக்குப் போனவுக வீட்டுக்குத்தான வரணும்?"

எரிக்கவும் வேண்டாம், புதைக்கவும் வேண்டாம், டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள் என்றீர். பெரிய விஷயம். நான்கூட அன்றைக்கு உம்மை நினைத்துப் பெருமைப்பட்டேன். சங்கு இல்லை, கொட்டு இல்லை, வண்டியின் கதவு சாத்தியது, அவ்வளவுதான். உம்மைத் தேடிப் போய் நிற்க ஒரு இடம் இல்லை எங்களுக்கு. இதை நீரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. ஊரில் இருக்கிற பேயையெல்லாம் தேடிப் போனோம், நம் வீட்டில் ஒருத்தி வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று ரெண்டு பேருக்கும் தோன்றவில்லையே!

"நான் பேய நம்புதேன்னு நெனைச்சிராதிய" என்றாள். "அவுகளுக்குக் கெட்ட பேரு வாங்கிக் குடுப்பனா? மணிய மட்டும் மாத்திராதிய அண்ணாச்சி."

சாயங்காலம் உம்ம மகனுக்கு ஃபோன் போட்டுச் சொன்னேன். பக்கத்து வீட்டு மணிதாம்லே, வேற ஒண்ணும் இல்ல.

"அப்போ மணிய மாத்திருதேன் மாமா. இல்லன்னா வீட்டப் பூட்டிருவோம்."

"மணில கைய வச்சேன்னா தெரியும் பாத்துக்க. வீட்டயும் பூட்ட வேண்டாம், பூசாரியும் வேண்டாம். ஞாயித்துக்கிழமையானா வந்து அம்மாகூட இருந்து சாப்பிட்டுட்டுப் போலே."

"சித்திட்ட என்ன சொல்ல?"

"நம்ம எல்லாரவிடவும் உங்கம்மைக்குப் புத்தி தெளிவா இருக்குன்னு சொல்லு."

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சரி மாமா என்று வைத்துவிட்டான். பைய விளங்கும்.

அவனிடம் சொல்லாத ஒன்று உண்டு. உம்மிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல?

மத்தியானம் பேசி முடித்ததும் உம்ம வீட்டம்மா டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் கிளம்பலாம் என்று இருந்தேன். பக்கத்து வீட்டு வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது, என் காதில் விழுந்தது. செருப்புப் படியேறியதும் கேட்டது. மணி அடித்தது. எல்லாம் தெரியும் எனக்கு. தெரிந்தும் எழுந்தேன், ஓய். நாற்காலிக்கும் கதவுக்கும் நடுவில் நாலு எட்டு இருக்குமா? அதற்குள் வாரும்வே என்று வாய்வரை வந்துவிட்டது. சந்தோசமா வருத்தமா என்று கேட்டீரே, சந்தோசம்வே, சந்தோசம். கதவைத் திறந்தேன். தெருவில் வெயில் அடித்துக் கிடந்தது. உடனே சாத்த எனக்கும் கை வரவில்லை.

"யாரு அண்ணாச்சி?" என்று உள்ளேயிருந்து கேட்டாள்.

எத்தனை வீட்டு வாசலில், எத்தனை பேரிடம் நாம் சிரித்துக்கொண்டே சொன்ன பதில் அது. ஒருத்தரும் இல்லை. நேற்று அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.