லிண்ட்குவிஸ்ட் கடையின் மாடிப்படி

மார்ச் 4
மறுபடியும் பனி. நகராட்சி ஆள் வந்தார். பூட்டிக் கிடக்கும் எங்கள் கடைக் கட்டடத்தை ஒன்று சரிசெய்ய வேண்டுமாம், இல்லையேல் இடிக்க வேண்டுமாம். தம்பி ஓரினைக் கேட்டேன், பாதி அவனுடையது. "இடிச்சுத் தள்ளுக்கா. கார் நிறுத்தவாவது ஆகும்." அப்பா உயிராக நினைத்த கடை. எப்படி வாய் வந்தது இவனுக்கு?

மார்ச் 19
கட்டடத்தைச் சரிசெய்யச் சம்மதித்து ஓரின் கையெழுத்துப் போட்டுவிட்டான். "உன் இஷ்டம். என்னை மட்டும் உள்ள கூப்பிடாத." கீழே ரொட்டிக் கடை, மேலே குழந்தைகள் காப்பகம் என்று முடிவு.

ஏப்ரல் 28
முகப்பை மூடியிருந்த தகரத்தைக் கழற்றினார்கள். நான் சிறுமியாக இருந்தபோது, நாகரிகம் என்று அப்பா போட்டது. பின்னால் சிவப்புச் செங்கல், வளைந்த ஜன்னல்கள், மங்கிய வெள்ளையில் 'லிண்ட்குவிஸ்ட்' என்று தாத்தாவின் பெயர். தெருவே நின்று பார்த்தது. எதிரே சலூன் வைத்திருக்கும் ஆர்டிஸ், ஒருவரைப் பாதி முடிவெட்டில் விட்டுவிட்டு ஓடிவந்தாள். "மார்லிஸ், என் கல்யாணச் செருப்பு இங்க வாங்கினதுடி! கல்யாணம் நிலைக்கல, செருப்பு இன்னும் இருக்கு." சிரித்துச் சிரித்து அழுதுவிட்டேன்.

ஓரின் வண்டியை விட்டே இறங்கவில்லை.

மே 2
உள்ளே போனேன். தூசுதான். ஆனாலும் ஈரக் கம்பளிக் கோட்டு வாசனையும், அந்நாளில் வாசலருகே வறுத்த கடலை வாசனையும் எங்கிருந்தோ வந்தன. ஓக் மரப் படி அப்படியே இருக்கிறது. கிறிஸ்துமஸ் சமயத்தில் கைப்பிடியில் சறுக்கி அம்மாவிடம் அடி வாங்கிய படி!

மே 15
லிஃப்ட் வைத்தே ஆக வேண்டும் என்கிறாள், கட்டட வடிவமைப்பாளர் ரெனாட்டா. அதற்கு இந்தப் படியை எடுக்க வேண்டும். இல்லையென்றால் லிஃப்டுக்காக, மேலே அம்மா தொப்பி விற்ற ஜன்னலோர இடம் போய்விடும். படியைத் தொடாதே என்றேன்.

மே 20
படியைக் காப்பாற்றிவிட்டேன் என்று ஓரினிடம் பெருமையடித்தேன். அவன் முகம் வெளுத்துவிட்டது.

"அதுலதான்க்கா அப்பா விழுந்தாரு."

"தெரியும்டா. அப்புறம் ஆஸ்பத்திரியில—"

"ஆஸ்பத்திரியில இல்ல. அந்தப் படியிலயே, என் மடியில. நீ காலேஜ்ல இருந்த. உன்கிட்ட சொல்ல வேணாம்னு அம்மா சொல்லிட்டாங்க."

அப்ப அவன் பதினேழு வயசுப் பையன். இத்தனை வருஷமும் நான் அந்தக் கடையைப் பத்திக் கதை கதையாப் பேசினப்பல்லாம் பேசாம கேட்டுட்டு இருந்தானே — எப்படிடா தாங்கின?

மே 21
படியை எடுக்கச் சொன்னேன். "நல்லா யோசிச்சீங்களா? இப்படி ஒரு படி இனிமே கிடைக்காது," என்றாள் ரெனாட்டா. யோசித்தாயிற்று.

ஜூலை 9
இன்று படியைக் கழற்றினார்கள். பார்க்க வேண்டாம் என்றுதான் இருந்தேன். போனேன். அது வெளியே வரும்வரை நின்றேன்.

செப்டம்பர் 8, மறுவருடம்
காப்பகம் திறந்து ஒரு வாரம் ஆகிறது. ஓரின் வாசலில் நின்றிருந்தான். நான் கூப்பிடவில்லை. அவனாகவே உள்ளே வந்தான். இருவரும் லிஃப்டில் ஏறினோம். மேலே, அந்த ஜன்னல்களின் வெளிச்சத்தில், குழந்தைகள் வரிசையாகப் படுத்திருந்தார்கள். "அம்மா இங்கதான்டா நின்னு—" என்று ஆரம்பித்தேன்.

"மெதுவாப் பேசுக்கா. பிள்ளைங்க தூங்குது," என்று சொல்லிவிட்டு, கதவோரத்தில் கிடந்த குட்டி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான்.