பாம்பன் கரையில் கணவாய்

பாம்பன்
8 பிப்ரவரி 2025

மாமா,

போனில் நீங்கள் "சாப்ட்டியா" என்பீர்கள், நான் "ம்" என்பேன், அதோடு முடிந்துவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். நம் பிள்ளை வயிற்றிலேயே தவறிய பிறகு நான் மாறுதல் கேட்டு இந்த ஊர் ஆஸ்பத்திரிக்கு வந்தது உங்கள்மேல் உள்ள கோபத்தில் இல்லை. வீட்டில் யாரும் அவளைப் பற்றி வாயே திறக்காததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சாயங்காலம் டூட்டி முடிந்ததும் கரையில் நின்று, கடலில் மை துப்புமே, அந்தக் கணவாயைப் பிடிக்கப் பழகுகிறேன். சிரிக்காதீர்கள்! தூண்டில் நரம்பின் நுனியில் இறால் மாதிரி ஒரு பொம்மை, வாலைச் சுற்றிலும் முள். வீசிவிட்டு, கடல் தரைக்குக் கொஞ்சம் மேலே வரை இறங்க விட வேண்டும். வெடுக்கென்று இரண்டு இழுப்பு, அப்புறம் சும்மா விட்டுவிட வேண்டும். பொம்மை மெல்ல இறங்கும்போதுதான் கணவாய் வந்து கட்டிப்பிடிக்கும். மீன் மாதிரி வெட்டி இழுக்காது. நனைந்த துணி மாட்டியது போலக் கனக்கும், அவ்வளவுதான். நரம்பைத் தளர விடாமல் சுற்ற வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாங்களேன்.

கனகலட்சுமி

திருநகர்
17 பிப்ரவரி

கனகம்,

கடை ஷட்டரைப் பாதி இறக்கிக்கொண்டு உன் கடிதத்தைப் படித்தேன். தூண்டில் வாங்கி மொட்டைமாடியில் வீசிப் பழகினேன். பக்கத்து வீட்டு ராமக்காள் அக்கா சேலையில் போய் மாட்டிக்கொண்டது. "ஏப்பா ஜெயபாண்டி, எம்புட்டு மீனுப்பா பிடிச்ச?" என்று தெருவுக்கே கேட்கும்படி கேட்டார்.

பிள்ளையைப் பற்றிப் பேசினால் நீ அழுவாய். அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. வேறொன்றுமில்லை.

ஞாயிறு காலை பஸ்ஸில் வாரேன்.

ஜெயபாண்டி

பாம்பன்
24 பிப்ரவரி

மாமா,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தீர்களா? இரண்டு பொம்மைகளைப் பாறைக்குக் கொடுத்துவிட்டு, கடைசியில் ஒரு கணவாயைத் தூக்கினீர்களே! தண்ணீரிலேயே மையைத் துப்பவிட்டுத்தான் தூக்க வேண்டும் என்று நான் கத்துவதற்குள் உங்கள் வெள்ளைச் சட்டை போயே போய்விட்டது. நான் அப்படிச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று.

ஒன்று சொல்ல வேண்டும். நான் டீ வாங்கிக்கொண்டு வந்து உங்களுக்குப் பின்னால் நின்றது உங்களுக்குத் தெரியாது. பக்கத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர், "பிள்ளைங்க எத்தன?" என்று கேட்டார்.

"ஒரு பொண்ணுண்ணே. வயித்துலயே தவறிட்டா. மூக்கு அவ அம்மா மாதிரியே இருந்துச்சு" என்றீர்கள்.

மாமா, நான் மயக்கத்தில் கிடந்தேன். அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கிடைக்கவில்லை. நீங்கள் பார்த்தீர்கள் என்பதே எனக்கு நேற்றுத்தான் தெரியும்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டேன், வீட்டுக்கு வாரேன். முடி இருந்ததா, விரலெல்லாம் எப்படி இருந்தது, எல்லாம் எனக்குச் சொல்ல வேண்டும். நான் அழுதால் அழுகிறேன். நீங்கள் நிறுத்தாமல் சொல்லுங்கள்.

உங்கள்
கனகம்